அரசு அட்டையா, ஆபீஸ் பாலிசியா, சொந்தப் பாலிசியா? டிஸ்சார்ஜ் கவுன்ட்டரில் நின்று ஒரு ஒப்பீடு

திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வயது 36. மனைவி, இரண்டு பிள்ளைகள். ஆபீஸில் குடும்பத்துக்கு 3 லட்சம் ரூபாய்க்கு குரூப் பாலிசி இருக்கிறது. அப்பாவுக்கு 64, அம்மாவுக்கு 59. இருவரும் கரூர் பக்கம் கிராமத்தில் தனி ரேஷன் கார்டில் இருக்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையும் உண்டு. அப்பாவுக்குச் சுகர், அம்மாவுக்கு பிரஷர். ஏஜென்ட் ஒருவர் ஆறு பேரையும் சேர்த்து 10 லட்சத்துக்கு ஒரே பாலிசியாகப் போட்டுவிடலாம் என்கிறார். "ஒரே பிரீமியம், ஒரே தேதி, நிம்மதி" என்பது அவர் வாதம். போடலாமா?

வேண்டாம். காரணத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் ஏஜென்ட் இல்லை. ஆனால் மதுரையில் சொந்தக்காரர்கள் யார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு இன்ஷூரன்ஸ் கவுன்ட்டருக்கு ஓடுவது என் வேலையாகிவிட்டது. அந்த ஓட்டத்தில் கற்றுக்கொண்டதுதான் இது.

அப்பாவின் பில்

சில வருடங்களுக்கு முன் என் அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். தனியார் ஆஸ்பத்திரி, ஐந்து நாள், ஆபரேஷன். பாலிசி 5 லட்சத்துக்கு இருந்தது, அதனால் தைரியமாக இருந்தோம். அட்மிஷனில் "ஜன்னல் பக்கம் தனி ரூம் இருக்கு சார், ஒரு நாளைக்கு 8,000" என்றார்கள். அப்பா வலியில் துடிக்கும்போது யார் பேரம் பேசுவது? சரி என்றோம்.

பாலிசியில் ஒரு வரி இருந்தது: ரூம் வாடகை காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் வரை. அதாவது நாளைக்கு 5,000. மீதி 3,000-ஐ நாம் கட்டினால் போதும், ஐந்து நாளைக்கு 15,000 என்று மனக்கணக்குப் போட்டிருந்தேன். டிஸ்சார்ஜ் அன்று கணக்கு வேறு மாதிரி வந்தது.

மொத்த பில் 2,80,000. இதில் ரூம் வாடகை 40,000. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 1,60,000. மருந்து, டெஸ்ட், உள்ளே வைத்த பிளேட் 80,000. நமக்கு அனுமதி 5,000 ரூபாய் ரூம், எடுத்தது 8,000 ரூபாய் ரூம். அதனால் டாக்டர் ஃபீஸ் வகையறாவிலும் எட்டில் ஐந்து பங்குதான் தருவோம் என்றார்கள். 1,60,000-க்கு ஒரு லட்சம். வாடகையில் 25,000. மருந்து, டெஸ்ட், பிளேட் போன்றவற்றில் இப்படி விகிதப்படி வெட்டக்கூடாது என்பது விதி, அதனால் அது தப்பித்தது. ஆனால் அதிலும் கையுறை, முகக்கவசம் மாதிரிச் சில்லறைச் சாமான்கள் என்று 6,000 போனது. ஆக, அவர்கள் கொடுத்தது 1,99,000. நாங்கள் கட்டியது 81,000.

ஜன்னல் பக்கம் ரூமின் விலை 15,000 இல்லை, 75,000. அந்த ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர் சத்தம்தான் கேட்டது என்பது வேறு விஷயம்.

எதை வைத்து அளப்பது?

அதற்குப் பிறகு எந்தப் பாலிசியைப் பார்த்தாலும் பிரீமியத்தைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் கேட்பது, எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்று. நெஞ்சு வலி என்றால் நீங்கள் உண்மையில் வண்டியை விடும் இரண்டு மூன்று ஆஸ்பத்திரிகளின் பெயர் பட்டியலில் இருக்கிறதா? "இந்தியா முழுக்க பத்தாயிரம் ஆஸ்பத்திரி" என்ற விளம்பரம் உங்கள் ஊருக்கு உதவாது.

அடுத்தது, எந்த நாளிலிருந்து செல்லும். புதிதாக எடுக்கும் தனிப் பாலிசியில் முதல் 30 நாளுக்கு விபத்து தவிர வேறெதுவும் கிடையாது. கண்புரை, ஹெர்னியா, மூட்டு மாற்று, சிறுநீரகக் கல் போன்ற பட்டியல் நோய்களுக்குப் பெரும்பாலும் 2 வருடம் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் சுகர், பிரஷர், அவற்றால் வரும் சிக்கல்களுக்கு அதிகபட்சம் 3 வருடம். 2024 ஏப்ரல் வரை இது 4 வருடமாக இருந்தது.

மூன்றாவது, வெட்டு எங்கே விழும். ரூம் வாடகை வரம்பு, கோ-பே எனப்படும் நம் பங்குச் சதவீதம், நோய்வாரி உச்சவரம்பு. நான்காவது, எதுவரை கூட வரும்: வேலை போனால், வயது ஏறினால், வருமானம் கூடினால் நிற்குமா? இவையெல்லாம் தேறிய பிறகுதான் பிரீமியம். அதிலும் இன்றைய பிரீமியத்தோடு, அதே பாலிசிக்கு 60 வயதுக்காரர் இன்று என்ன கட்டுகிறார் என்பதையும் கேளுங்கள். உங்கள் வருங்காலம் அதில் தெரியும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்

படித்தவர்கள் பலர் இதை "ஏழைகளுக்கானது" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கிராமத்தில் பெற்றோர் இருக்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் பாதுகாப்பு இதுதான். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்தது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை. வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். முகாம்களில் வசிக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பே இல்லை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிந்துகொள்ளலாம்.

இதன் பெரிய பலம், காத்திருப்புக் காலமே கிடையாது. 64 வயதில் சுகரோடு இருக்கும் ஒருவரை இன்றே சேர்த்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்? பிரீமியத்தை அரசு கட்டுகிறது. இதயம், சிறுநீரகம், புற்றுநோய் மாதிரிப் பெரிய சிகிச்சைகள் பட்டியலில் இருக்கின்றன.

குறைகள் பணத்தில் இல்லை, வழிமுறையில் இருக்கின்றன. திட்டத்தில் உள்ள சிகிச்சைகளுக்குத்தான், அதற்கு நிர்ணயித்த தொகைக்குத்தான் பணம். சாதாரண காய்ச்சலுக்கு இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்ற தனியாரில் படுத்தால் இந்த அட்டையை நம்ப முடியாது. ஒரு தனியார் ஆஸ்பத்திரி பட்டியலில் இருந்தாலும் எல்லாப் பிரிவுக்கும் இருக்காது. "எலும்புக்கு எடுக்கிறோம், இதயத்துக்கு இல்லை" என்பார்கள். அதனால் ஆஸ்பத்திரி பெயரோடு பிரிவையும் சேர்த்துக் கேளுங்கள். தனி ரூம் எதிர்பார்க்காதீர்கள். இன்னொன்று: ரேஷன் கார்டில் பெயர் இல்லாதவர் இந்தத் திட்டத்திலும் இல்லை. மகன் திருமணமாகி கார்டைப் பிரிக்கும்போது அம்மா பெயர் எந்தக் கார்டிலும் இல்லாமல் நடுவில் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். நெஞ்சு வலி வந்த அன்று அதைச் சரிசெய்ய முடியாது.

70 வயது முடிந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் தரும் திட்டத்தை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. வீட்டில் அந்த வயதில் யாராவது இருந்தால் அதே காப்பீட்டு மையத்தில் விசாரியுங்கள்.

விபத்து பற்றி ஒரு வார்த்தை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றே பார்ப்பதில்லை. ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவருக்கு "கார்டு இருக்கா" என்று பையைத் துழாவிக்கொண்டு நிற்காதீர்கள்.

இ.எஸ்.ஐ.

தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 16,000 சம்பளக்காரருக்குப் பிடிப்பது மாதம் 120 ரூபாய். அதற்கு மனைவி அல்லது கணவன், பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் எல்லோருக்கும் மருத்துவம், மாத்திரை உட்பட. சாதாரணப் பாலிசி எதுவும் தினசரி சுகர் மாத்திரையைத் தராது. விலையோடு ஒப்பிட்டால் இதற்கு நிகர் எதுவும் இல்லை.

காத்திருக்கும் நேரம்தான் இதன் மறைமுகச் செலவு. டிஸ்பென்சரியில் பாதி நாள் போனால் தினக்கூலிக்காரருக்கு அது பணம்தான். பெரிய சிகிச்சைக்கு வெளியே அனுப்ப அவர்கள் பரிந்துரைக் கடிதம் வேண்டும். நேராகத் தனியாருக்குப் போய்விட்டு பில்லைக் கொண்டுவந்தால் சிக்கல். சம்பளம் 21,000-ஐத் தாண்டினாலும் அந்தப் பங்களிப்புக் காலம் (ஏப்ரல்–செப்டம்பர் அல்லது அக்டோபர்–மார்ச்) முடியும்வரை பிடித்தம் தொடரும். சம்பள உயர்வு வருகிறது என்று தெரிந்தால் அந்த மாதங்களிலேயே சொந்தப் பாலிசியைத் தொடங்கிவிடுங்கள். வெளியே வந்த பிறகு தொடங்கினால் காத்திருப்புக் காலமும் அப்போதுதான் தொடங்கும்.

ஆபீஸ் குரூப் பாலிசி

வாடகை வீடு மாதிரி. குடியிருக்கும் வரை வசதி, சாவி நம்முடையது இல்லை.

வசதியைக் குறைத்துச் சொல்லமாட்டேன். பெரும்பாலான குரூப் பாலிசிகளில் முதல் நாளிலிருந்தே பழைய நோய்களுக்கும் உண்டு, பலவற்றில் பிரசவத்துக்கும் உண்டு. பெற்றோரைச் சேர்க்க விட்டால், சம்பளத்தில் கொஞ்சம் பிடித்தாலும் சேர்த்துவிடுங்கள். சுகர் உள்ள 64 வயதுக்காரருக்கு மறுநாளே தனியார் ஆஸ்பத்திரியில் கேஷ்லெஸ் (நாம் பில்லைக் கட்டாமல் கம்பெனியே நேராகக் கட்டுவது) கிடைக்கும் வழி இதுவாகத்தான் இருக்கும்.

சிக்கல் வேறு இடத்தில். வருடா வருடம் கம்பெனி பேரம் பேசும்போது செலவைக் குறைக்க முதலில் கைவைப்பது பெற்றோர் மேல்தான். போன வருடம் கோ-பே இல்லை, இந்த வருடம் பெற்றோருக்கு 20 சதவீதம் என்று ஒரு மெயில் வரும். யாரும் படிப்பதில்லை. வேலை மாறும்போது இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே உள்ள இருபது நாளில் உங்களுக்கு எதுவும் இல்லை. டெங்கு வருகிற தேதியை நம்மிடம் கேட்டுக்கொண்டு வராது.

பலருக்குத் தெரியாத வழி ஒன்று உண்டு. வேலையை விடும்போது, அதே காப்பீட்டுக் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். குரூப் பாலிசியில் இருந்த வருடங்கள் காத்திருப்புக் கணக்கில் சேரும். கடைசி நாளுக்குப் பிறகு கேட்டால் ஹெச்.ஆர். போனை எடுக்கமாட்டார்கள். ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் வாரத்திலேயே இதையும் எழுதிக் கேளுங்கள்.

சொந்த ஃபேமிலி ஃப்ளோட்டர்

கணவன், மனைவி, பிள்ளைகள் ஒரே தொகையைப் பகிர்ந்துகொள்வது. இளம் குடும்பத்துக்கு இதுதான் அடித்தளம். ஒரே வருடத்தில் நான்கு பேரும் பெரிய நோயில் படுப்பது அபூர்வம் என்பதால் தனித்தனியாக எடுப்பதைவிட மலிவு. வேலை மாறினாலும் நிற்கும், ஒழுங்காகப் புதுப்பித்தால் ஆயுள் முழுக்க வரும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, முன்பு 18 சதவீதம் கட்டினோம். பழைய வருமான வரிமுறையில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரீமியத்துக்கு வரி விலக்கும் (80டி என்பார்கள்) உண்டு: நம் குடும்பத்துக்கு 25,000 வரை, மூத்த குடிமக்களான பெற்றோருக்குக் கட்டினால் 50,000 வரை. புதிய வரிமுறையில் இருப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்க்கவேண்டாம்.

இப்போது ஏஜென்ட் சொன்ன "ஆறு பேருக்கும் ஒன்று" என்பதைப் பார்ப்போம். ஃப்ளோட்டரில் பிரீமியத்துக்கு அளவுகோல் பெரும்பாலும் மூத்தவர் வயது. 36 வயதுக்காரருக்கான பாலிசியில் 64 வயது அப்பா உட்கார்ந்தால் பிரீமியம் அப்பாவைப் பார்த்துத்தான் போடப்படும். அடுத்து, பங்கு. மார்ச்சில் அப்பாவுக்கு பைபாஸ் என்று 6 லட்சம் போனால், ஜூலையில் பிள்ளைக்கு அடிபட்டால் மிச்சம் 4 லட்சம்தான். பாலிசியில் தீர்ந்த தொகையை மறுபடி நிரப்பும் வசதி இருந்தாலும், அதன் நிபந்தனைகளைப் படித்துவிட்டு நம்புங்கள். மூன்றாவது, வயதானவர் இருப்பதால் கோ-பே நிபந்தனை வந்தால் அது யாருக்கெல்லாம் பொருந்தும் என்று பாருங்கள். இதையெல்லாம் "ஒரே தேதி" என்ற வசதிக்காக வாங்கிக்கொள்வானேன்? தேதியை நினைவூட்ட செல்போன் இருக்கிறது.

எடுக்கும்போது ரூம் வாடகை வரம்பு இல்லாததாகப் பாருங்கள், இல்லையென்றால் "சிங்கிள் பிரைவேட் ரூம்" என்று வகையாகச் சொல்லும் பாலிசி எடுங்கள். சதவீதத்தில் சொல்லும் பாலிசியை மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்தால் என் அப்பாவின் பில்தான் உங்களுக்கும். வேறு வழியில்லாமல் அப்படி ஒன்றை ஏற்கெனவே வைத்திருந்தால், அட்மிஷன் டெஸ்கில் ரூம் வாடகை வரம்பைச் சொல்லி, அதற்குள் இருக்கும் ரூமைக் கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.

பெற்றோருக்குத் தனிப் பாலிசி

இதுதான் கடினமான இடம். பிரீமியம் கண்ணைக் கட்டும். கோ-பே இருக்கும். மருத்துவப் பரிசோதனை கேட்பார்கள், சில சமயம் மறுத்தும்விடுவார்கள். கட்டும் முதல் மூன்று வருடங்களில் சுகர், பிரஷர் சம்பந்தப்பட்டவற்றுக்குப் பெரும்பாலும் பலன் இல்லை. "பின்னே எதுக்குக் கட்டணும்?" என்று என் அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான்.

அரசு அட்டை இருந்து, பக்கத்தில் அந்த அட்டையை எடுக்கும் நல்ல ஆஸ்பத்திரியும் இருந்தால், குறைந்த வருமானமுள்ள வீட்டில் பெற்றோர் பாலிசியைத் தள்ளிப்போடுவது தப்பில்லை என்பதே என் கருத்து. அந்தப் பணத்தை அவர்கள் பெயரில் போட்டுவையுங்கள். ஆனால் அட்டைக்குத் தகுதி இல்லாதவர்கள், அதாவது கொஞ்சம் பென்ஷன், சொந்த வீடு, வருமானம் வரம்புக்கு மேல் என்று நடுவில் மாட்டிக்கொண்டவர்கள், எடுத்தே ஆகவேண்டும். அம்மாவுக்கு 59 என்றால் இந்த வருடமே. இன்னொரு நோய் ஃபைலில் ஏறுவதற்குள்.

எளிய தேர்வு ஒன்று: ஆரோக்ய சஞ்சீவனி. 2020 முதல் எல்லாக் கம்பெனிகளும் ஒரே நிபந்தனைகளோடு விற்கவேண்டிய பாலிசி இது. கோ-பே 5 சதவீதம். ரூம் வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ஆனால் நாளைக்கு 5,000 ரூபாய்க்கு மேல் கிடையாது. மாவட்டத் தலைநகர ஆஸ்பத்திரிக்கு இது ஓரளவு போதும். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி என்றால் போதாது. நிபந்தனை ஒன்றே என்பதால் எந்தக் கம்பெனி உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஒழுங்காகப் பணம் தருகிறது என்று மட்டும் விசாரித்தால் போதும். அதைச் சொல்லக்கூடியவர் ஏஜென்ட் இல்லை, ஆஸ்பத்திரியின் இன்ஷூரன்ஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் பெண். கூட்டமில்லாத பிற்பகலில் போய்க் கேளுங்கள். எந்தக் கம்பெனி இழுத்தடிக்கும் என்பது அவருக்கு மனப்பாடம்.

60 வயதுக்கு மேற்பட்டவர்களின் பிரீமியத்தை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கம்பெனி கலந்தாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது. கொஞ்சம் மூச்சு விடலாம்.

சூப்பர் டாப்-அப்

5 லட்சம் வரை வேறு வழியில் சமாளித்துக்கொள்கிறேன், அதற்கு மேல் போனால் நீ கொடு என்பது இதன் ஒப்பந்தம். சிறிய கிளெய்ம்கள் இதற்கு வருவதே இல்லை என்பதால் பிரீமியம் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. அந்த முதல் 5 லட்சம் ஆபீஸ் பாலிசியாக இருக்கலாம், சொந்தப் பாலிசியாக இருக்கலாம், கைக்காசாகவும் இருக்கலாம்.

'சூப்பர்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெறும் டாப்-அப் ஒவ்வொரு தடவை அட்மிஷனையும் தனித்தனியாகப் பார்க்கும். ஒரே வருடத்தில் ஒரு தடவை 3 லட்சம், மறு தடவை 4 லட்சம் என்றால், இரண்டுமே 5 லட்சத்தைத் தாண்டவில்லை. வெறும் டாப்-அப் ஒரு பைசா தராது. சூப்பர் டாப்-அப் வருட மொத்தத்தைக் கூட்டும்: 7 லட்சம், ஆகவே 2 லட்சம் தரும். காத்திருப்புக் காலம் இதற்கும் தனியாக உண்டு என்பதால் ஆரோக்கியமாக இருக்கும்போதே எடுத்துவைக்கவேண்டும்.

பாலிசியே வேண்டாம், சேமிக்கிறேன் என்பவர்களுக்கு

மாதம் 2,000 போட்டால் வருடம் 24,000. பத்து வருடத்தில் வட்டி நீங்கலாக 2,40,000. மூன்றாவது வருடம் ஆபரேஷன் வந்தால் கையில் 72,000. ஆனாலும் இந்தச் சேமிப்பு இல்லாமல் எந்தப் பாலிசியும் முழுமையாகாது. அட்மிட் ஆகாமல் பார்க்கும் டாக்டர் ஃபீஸ், தினசரி மாத்திரை, பல், கண்ணாடி, கூட இருப்பவர் சாப்பாடு, ஆட்டோ என்று எதையும் சாதாரணப் பாலிசி தராது. அரை லட்சம் தனியாக இருக்கட்டும்.

ஒரு பார்வையில்

| | அரசு அட்டை | இ.எஸ்.ஐ. | ஆபீஸ் குரூப் | சொந்த ஃப்ளோட்டர் | பெற்றோர் தனிப் பாலிசி | சூப்பர் டாப்-அப் |
|---|---|---|---|---|---|---|
| பழைய நோய்க்கு | உடனே | உடனே | பெரும்பாலும் உடனே | அதிகபட்சம் 3 வருடம் | அதிகபட்சம் 3 வருடம் | அதிகபட்சம் 3 வருடம் |
| நம் கைச்செலவு | இல்லை | சம்பளத்தில் 0.75% | கம்பெனி கட்டும். பெற்றோருக்குப் பிடித்தம் | வயதோடு ஏறும் | அதிகம் | குறைவு |
| வெட்டு விழும் இடம் | சிகிச்சைப் பட்டியல் | பரிந்துரைக் கடிதம் | பெற்றோர் கோ-பே | ரூம் வாடகை | கோ-பே, ரூம் வாடகை | முதல் சில லட்சம் |
| எதுவரை | வருமான வரம்புக்குள் இருக்கும் வரை | சம்பள வரம்புக்குள் இருக்கும் வரை | வேலை உள்ளவரை | ஆயுள் வரை | ஆயுள் வரை | ஆயுள் வரை |
| யாருக்கு | கிராமத்துப் பெற்றோர் | 21,000-க்குள் சம்பளம் | கூடுதல் அடுக்காக | இளம் குடும்பம் | அட்டை இல்லாத பெற்றோர் | 5 லட்சம் பாலிசி வைத்திருப்போர் |

சுகரைச் சொல்வதா, மறைப்பதா?

விண்ணப்பத்தில் சுகர், பிரஷர் பகுதி வரும்போது சில ஏஜென்ட்கள் "அதெல்லாம் 'இல்லை'ன்னு போட்டுடலாம்ணே, மாத்திரைதானே" என்பார்கள். அந்த வரியை எழுதுவது அவர் பேனா, கையெழுத்து உங்களுடையது. நாளைக்கு மாரடைப்பில் படுத்தால், கம்பெனி ஆள் பழைய லேப் ரிப்போர்ட்டையும் மருந்துச் சீட்டையும் தேடுவார். கிடைத்துவிட்டால் கிளெய்மும் போகும், பாலிசியும் போகும். தொடர்ந்து 60 மாதம் கட்டிய பாலிசியில், மோசடி என்று நிரூபித்தால் தவிர, "சொல்லவில்லை" என்ற காரணத்தால் மறுக்க முடியாது என்று விதி இருக்கிறது. ஐந்து வருடம் நெஞ்சில் கல்லோடு காத்திருப்பதைவிட, சொல்லிவிட்டு மூன்று வருடம் காத்திருப்பது மேல்.

அதனால் பாலிசிக்கு முன் டெஸ்ட் எடுங்கள் என்கிறேன். "டெஸ்ட் எடுத்தா நோய் வந்துடும், பிரீமியம் ஏறிடும்" என்பவர்கள் உண்டு. இன்றைக்குத் தெரியாத சுகர் பத்து வருடம் கழித்து டயாலிசிஸாகத் தெரியவரும். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 6.5-ம் அதற்கு மேலும் சுகர், 5.7-லிருந்து 6.4 வரை வாசற்படியில் நிற்கிறது என்று அர்த்தம். வாசற்படியில் நிற்பவருக்கு நடையும் சாப்பாடும் மாறினால் திரும்பிப்போக வாய்ப்பு இருக்கிறது. பிரஷர் திரும்பத் திரும்ப 140/90-ஐத் தொட்டால் டாக்டரைப் பாருங்கள். கிராமத்துப் பெற்றோருக்கு, 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஊர் செவிலியரிடம் பெயரைக் கொடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் நடக்கும் ஒரு சின்ன விஷயம். அட்மிஷன் அன்று இளம் டாக்டர் ஒருவர் வந்து "எத்தனை வருஷமா சுகர்?" என்று கேட்பார். பக்கத்தில் நிற்கும் அத்தை, "அது ஆச்சு ஒரு பத்துப் பன்னிரண்டு வருஷம்" என்று நீட்டுவார். உண்மையில் நான்கு வருடம்தான் இருக்கும். டாக்டர் 12 என்று எழுதுவார். அதுவே டிஸ்சார்ஜ் சம்மரிக்குப் போகும். பாலிசி எடுத்து ஆறு வருடம் என்றால், "எடுக்கும்போதே சுகர் இருந்திருக்கிறது, மோசடியாக மறைத்துவிட்டீர்கள்" என்று கடிதம் வரும். என் மாமா வீட்டில் இது நடந்தது. முதன்முதலில் சுகர் என்று வந்த லேப் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துக் காட்டிய பிறகே பணம் வந்தது, அதற்கு நான்கு மாதம். அந்த முதல் ரிப்போர்ட்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு பாலிசியோடு வையுங்கள். கேள்விக்குப் பதில் சொல்ல ஒருவரை மட்டும் நிறுத்துங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம்.

மறுத்துவிட்டால் கம்பெனிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம். 50 லட்சம் வரையான வழக்குகளை எடுப்பார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை.

திருப்பூர் வாசகருக்கு

பெற்றோர் அட்டை அப்படியே இருக்கட்டும். முதல் வேலையாக கரூரில் எந்த ஆஸ்பத்திரி எந்தப் பிரிவுக்கு அதை எடுக்கிறது என்று அப்பாவையே நேரில் விசாரிக்கச் சொல்லுங்கள். ஆபீஸ் பாலிசியில் பெற்றோரைச் சேர்க்க முடிந்தால் அடுத்த புதுப்பித்தலில் சேருங்கள். அம்மாவுக்கு 59, பிரஷர் மட்டும்தான் என்பதால் அவருக்குத் தனியாக ஆரோக்ய சஞ்சீவனி மாதிரி ஒன்றை இந்த வருடமே எடுக்கலாம். அப்பாவுக்கு இரண்டு கம்பெனியில் விலை கேளுங்கள்; உங்கள் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டினால் விட்டுவிடுங்கள், அட்டை பார்த்துக்கொள்ளும்.

உங்கள் நான்கு பேருக்கு 5 லட்சத்துக்கு, ரூம் வாடகை வரம்பு இல்லாத ஃப்ளோட்டர். அதன் மேல் 5 லட்சத்துக்கு மேலே தொடங்கும் சூப்பர் டாப்-அப். ஆபீஸின் 3 லட்சம் இருக்கும்வரை சின்ன கிளெய்ம்களை அதிலேயே முடித்துக்கொள்ளுங்கள், சொந்தப் பாலிசியில் கிளெய்ம் இல்லா போனஸ் வளரட்டும்.

பாலிசி கைக்கு வந்தபிறகு 30 நாள் இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாள்களில் "ரூம்", "கோ-பே", "காத்திருப்பு" என்ற மூன்று இடங்களையும் தேடிப்பிடித்து பென்சிலால் கோடு போடுங்கள். அந்தப் பக்கத்தை மனைவியின் போனிலும் படம் எடுத்து வையுங்கள். அட்மிஷன் டெஸ்கில் நிற்கப்போவது அநேகமாக அவர்தான்.